ராஜாவின் சட்டை யாருடையது?

(அருப்புக்கோட்டையில் ஆலைத் தொழிலாளர்களும், திருச்சுழி வட்டாரத்து விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேசப்போவது பஞ்சப்படியைப் பற்றி அல்ல, போனஸைப் பற்றியும் அல்ல. அவற்றைப் பேச இதே மேடையில் வேறு தோழர்கள் காத்திருக்கிறார்கள். நாம் பேசப்போவது ஒரு சட்டையைப் பற்றி. ராஜாவின் சட்டை. இது என்ன விளையாட்டு என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். பேசி முடித்த பிறகு சிரிப்பு வருகிறதா என்று பார்ப்போம்.

திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமத்தில் பொங்கல் திருவிழா. ஊர்ப் பொட்டலில் மேடை. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய அரிச்சந்திர மயான காண்டம். நாம் மேடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம். கிரீன் ரூம் என்று நோட்டீஸில் இருந்தது. பார்த்தால் நாலு மூங்கிலும் இரண்டு தார்ப்பாயும்தான். அங்கே ராஜபார்ட் நடிகர் தம் தகரப் பெட்டியைத் திறந்தார். கருநீல வெல்வெட் சட்டை. மார்பு முழுவதும் ஜரிகையும் ஜிகினாவும். மேடை விளக்கில் அது அயோத்தி அரண்மனை மாதிரி ஜொலிக்கும். கையில் வாங்கி உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தோம். பக்கத் தையல் ஓரமாக நாலு வரிசை ஊசி ஓட்டை! ஒருவருக்காகப் பிடித்துத் தைத்து, அடுத்தவருக்காகப் பிரித்து விட்டு, மறுபடியும் பிடித்து, மறுபடியும் விட்டு. அக்குளில் வெல்வெட் வழுக்கை விழுந்திருந்தது. உள்ளே இருந்த லைனிங் துணி மட்டும் புதிது.

"அண்ணே, இது எத்தனை பேர் போட்ட சட்டை?" என்று கேட்டோம்.

"நான் நாலாவது ஆள் தம்பி. எனக்கு முன்னாடி போட்டவங்க மூணு பேரும் இப்ப இல்லை. லைனிங் மட்டும் நான் மூணு தடவை மாத்திட்டேன். மேல்துணி அப்படியே கிடக்கு" என்றார்.

தோழர்களே, நாலு மனிதர்களின் வேர்வை குடித்த சட்டை அது. அரிச்சந்திரனும் அதே சட்டைதான், அர்ச்சுனனும் அதே சட்டைதான், கோவலனும் சில ஊர்களில் அதே சட்டைதான். நாடகம் மாறும், ராஜா மாறுவான், சட்டை மாறாது. மாற்ற அவரிடம் காசு இல்லை.

ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து, பபூன் இன்னோர் ஊரிலிருந்து, ஆர்மோனியக்காரர் மற்றோர் ஊரிலிருந்து. பஸ்ஸில் தனித்தனியே வந்து இறங்கி, மேடையில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஆனால் ஒரு நூற்றாண்டாகப் பழகிய நாடகம். பாட்டும் தர்க்கமும் பிசகாமல் நடந்துவிடும். ஒவ்வொருவரும் தத்தம் உடையைத் தாமே கொண்டுவர வேண்டும் என்பது இதில் எழுதப்படாத சட்டம்.

இதை ஆலைத் தொழிலாளி யோசித்துப் பார்க்க வேண்டும். ரிங் பிரேமில் நிற்கிறவரைப் பார்த்து, "நீ உன் ஸ்பிண்டிலை வீட்டிலிருந்து கொண்டு வா" என்று எந்த மானேஜராவது சொல்வானா? விவசாயத் தொழிலாளிக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். களைக்கொத்தியும் அரிவாளும் அவருடையதுதான். தேய்ந்தாலும் ஒடிந்தாலும் அவர் செலவுதான். நிலக்காரன் கூலி பேசும்போது அந்தத் தேய்மானத்தைக் கணக்கில் எடுக்கமாட்டான். நடிகரின் வெல்வெட்டும் அப்படியே. திருவிழாக் கமிட்டி கூலி பேசுகிறது. சட்டையின் தேய்மானத்துக்கு ஒரு பைசா இல்லை.

கமிட்டி என்று யாரைச் சொல்கிறோம்? பண்ணையாரை மட்டுமா? தலைக்கட்டு வரி வசூலித்து நாடகம் வைக்கிற கமிட்டியில் நம்மவர்களும் இருக்கிறோம். இதைப் பிறகு பார்ப்போம்.

இந்த ராஜா உடை எங்கிருந்து வந்தது? பாண்டிய மன்னன் வெல்வெட் கோட்டுப் போட்டிருந்தானா? நம் வெயிலில் போட்டிருந்தால் இடைக்காலக் கல்வெட்டு வரை வம்சம் நீண்டிருக்காது. அக்காலத்துச் சிற்பங்களில் பாருங்கள், அரசனுக்கு இடுப்புக்கு மேலே நகைதான், துணி அபூர்வம். மேடை ராஜாவின் கோட்டும் சராயும் வேறு வழியில் வந்தவை. போன நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் கடைசியில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் கம்பெனிகள் நாடெங்கும் சுற்றின. திரைச்சீலை, பக்கத் தட்டி, பளபளக்கும் உடை எல்லாம் அவர்களைப் பார்த்து நம் கம்பெனிகளும் எடுத்துக்கொண்டவை. அந்த உடுப்பில் மொகலாய தர்பாரும் இருந்தது, மராட்டிய தர்பாரும் இருந்தது, வெள்ளைக்காரப் பட்டாளத்தின் தோள்பட்டைக் குஞ்சமும் இருந்தது. இப்படிப் பல தர்பார்களின் ஒட்டுப்போட்ட உடையில்தான் சங்கரதாஸ் சுவாமிகளின் கோவலனும் பவளக்கொடியின் அர்ச்சுனனும் தமிழ் பாடினார்கள். 1867-ல் பிறந்து 1922-ல் மறைந்த சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். சின்னப் பையன்களை வைத்து நடத்திய கம்பெனி. கம்பெனிகளில் உடைப் பெட்டி கம்பெனிச் சொத்து. பையன் வளர்ந்து வேஷம் மாறினால் அவன் உடை அடுத்த பையனுக்கு. கம்பெனிகள் கலைந்தபோது, உடை தனி நடிகனின் தலைச்சுமையாயிற்று.

இங்கே ஒருவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சிவகாசியில் 1886-ல் பிறந்த விசுவநாத தாஸ். மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்கள் உண்டு. முருகன் வேஷம் போட்டுக்கொண்டு வெள்ளையன் ஆட்சியைப் பாடுவார். மேடையோரத்தில் போலீஸ் காத்திருக்கும். பல தடவை சிறை. 1940 டிசம்பர் 31-ம் தேதி இரவு சென்னையில் வள்ளி திருமணம் நாடகத்தில், மயில்மேல் முருகனாக அமர்ந்து பாடியபடியே உயிர் நீத்தார். எத்தனையோ நடிகர்கள் போட்ட அதே மாதிரி முருகன் உடைதான். அதற்குள் இருந்த மனிதனால் அது வேறாயிற்று.

அந்த முருகன் நம் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறார், கவனித்ததுண்டா? கோவில்பட்டியில் வாழ்ந்து 1976-ல் மறைந்த ஓவியர் கொண்டையராஜு, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். அவரும் அவர் சீடர்களும் எழுதிய சாமி படங்களைத்தான் சிவகாசி அச்சகங்கள் லட்சக்கணக்கில் காலண்டராக அடித்தன. படத்துச் சாமிகளின் கிரீடத்தையும் நகையையும் பின்னால் தொங்கும் திரையையும் பாருங்கள். நாடக மேடை அப்படியே சுவருக்கு வந்திருக்கிறது. ஆக, நடிகரின் பெட்டியில் கிடந்த உடையை நாம் விளக்கேற்றிக் கும்பிட்டும் வருகிறோம்!

சினிமா வந்தது. 1934-ல் பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் நடித்த 'பவளக்கொடி' படமாயிற்று. அவர்கள் மேடையில் ஆடிக்கொண்டிருந்த நாடகமே அது. மேடை ராஜா அதே கோலத்தில் வெள்ளித்திரைக்குள் நடந்து போனார். 1948-ல் ஜெமினி வாசன் 'சந்திரலேகா' எடுத்தார். முரசுகளின்மேல் நூற்றுக்கணக்கான பெண்கள் ஆடிய நடனத்துக்காக எத்தனை உடை தைத்திருப்பார்கள், எத்தனை தையல்காரர்கள் இரவு பகலாக உட்கார்ந்திருப்பார்கள்! ஒரு தடவை எடுத்த அந்த நடனத்தை இந்திப் படத்திலும் வைத்தார். உடையை மட்டுமல்ல, உடுத்தியவர்களின் உழைப்பையே இரண்டு தடவை விற்கலாம் என்று முதலாளி கண்டுகொண்ட இடம் அது. அதற்காக அந்தப் படத்தைக் குறை சொல்லவில்லை. நாமும் வாய் பிளந்து பார்த்தவர்கள்தாம்.

1958-ல் 'நாடோடி மன்னன்'. அந்தக் கதையே உடை மாற்றம்தானே? மன்னனைப் போலவே முகமுள்ள ஒரு நாடோடி, மன்னனின் உடையை உடுத்தி அரியணையில் உட்காருகிறான், சட்டம் போடுகிறான், நாடு கேட்கிறது. உடைதான் ராஜா என்பதை அதைவிடத் தெளிவாக யார் சொன்னார்கள்? சொன்னவர் 1977-ல் நம்முடைய இந்த அருப்புக்கோட்டைத் தொகுதியில் நின்று வென்று முதலமைச்சரும் ஆனார். அதைப் பற்றிய விவாதத்தைத் தேநீர்க் கடையில் வைத்துக்கொள்வோம்.

அடுத்த வருஷம், 1959-ல், 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. சிவாஜி நாடக மன்றம் முதலில் மேடையில் நடத்தி, பிறகு பந்துலு படமாக்கியது. பாஞ்சாலங்குறிச்சி நமக்குத் தூரமில்லை. 1799-ல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட அந்தப் பாளையக்காரர் என்ன உடுத்தியிருந்தார் என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், சினிமாவின் மீசையையும் தலைப்பாகையையும் கோட்டையும்தான் வரைந்து காட்டும். வருஷா வருஷம் பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியில் வாடகை உடையில் ஒரு கட்டபொம்மனாவது நிற்கிறான். ராஜா படங்கள் ஓய்ந்தபின் அந்த மாதிரி உடைகள் வாடகைக் கடைகளில்தான் தஞ்சம் புகுந்தன. மதுரையிலும் சென்னையிலும் அத்தகைய கடைகள் உண்டு. பம்பாயில் மகன்லால் டிரஸ்வாலா என்ற பழைய கடை. 1988 முதல் 1990 வரை டெலிவிஷனில் ஓடிய 'மகாபாரத'த்துக்கு உடுப்பு அங்கேயிருந்து போயிற்று.

வெளிநாட்டிலும் இதே கதைதான். லண்டனில் ஏஞ்சல்ஸ் என்ற உடை வாடகைக் கம்பெனி 1840-ல் தொடங்கியது. மோரிஸ் ஏஞ்சல் என்ற தையல்காரர் பழைய துணி விற்றுவந்தார். அக்காலத்து நாடக நடிகர்களும் நம் ராஜபார்ட்டைப் போலவே தம் உடையைத் தாமே கொண்டுவர வேண்டியவர்கள். விலைக்கு வாங்க வழியில்லாதவர்கள் அவரிடம் வந்து, "ஓர் இரவுக்குக் கொடும்" என்று கேட்டார்கள். அந்த ஏழ்மையிலிருந்து பிறந்ததுதான் இன்று மைல் கணக்கில் உடை தொங்கும் அந்தக் கிட்டங்கி. 1963-ல் வந்த 'கிளியோபாட்ரா' படத்துக்கு ஏறத்தாழ 440 லட்சம் டாலர் கொட்டினார்கள். முதலில் லண்டன் அருகே செட் போட்டு, உடை தைத்து, பாதியில் நிறுத்தி ரோமுக்குப் போனார்கள். விட்டுப்போன செட்டையும் உடைகளையும் எடுத்து, அடுத்த வருஷமே இங்கிலாந்துக்காரர்கள் 'கேரி ஆன் கிளியோ' என்று அதே கிளியோபாட்ராவைக் கேலி செய்து ஒரு சிரிப்புப் படம் எடுத்தார்கள். பெரிய முதலாளியின் ஊதாரித்தனத்துக்கு இதைவிட நல்ல பதில் உண்டா?

ஹாலிவுட்டில் எம்.ஜி.எம். கம்பெனி பல வருஷம் ஒரே உடையைப் படத்துக்குப் படம் மாற்றிப் போட்டுவிட்டு, 1970-ல் எல்லாவற்றையும் ஏலம் விட்டது. 1939-ல் வந்த 'விசார்ட் ஆப் ஓஸ்' படத்தில் அணிந்த சிவப்புச் செருப்பு ஒரு ஜோடி 15,000 டாலருக்குப் போயிற்று. அதே படத்தின் இன்னொரு ஜோடி 2024 டிசம்பரில் 280 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்தச் செருப்பில் சிவப்புச் சம்கி கோத்துத் தைத்த கைகளுக்கு அன்று கொடுத்த கூலியோடு முடிந்துவிட்டது கணக்கு.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். பழைய உடையை மறுபடி உடுத்துவது தவறு என்று நாம் சொல்லவில்லை. இந்தக் கரிசல் காட்டில் அண்ணன் சட்டையைத் தம்பி போடாத வீடு உண்டா? துணியை வீணாக்காமல் இருப்பது நல்ல காரியம். ஆனால் அழுக்கு யார் உடம்பில் ஒட்டுகிறது? அதுதான் கேள்வி.

வெல்வெட்டைத் துவைக்க முடியாது. ஜரிகை கறுத்துப்போகும், ஜிகினா உதிரும். பங்குனியிலிருந்து ஆடி வரை சீசன். அந்த வெயில் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலை கழற்றிய ஈரச் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்து, பஸ் ஏறி, அன்றிரவே இன்னோர் ஊரில் எடுத்து மாட்ட வேண்டும். நாம் சந்தித்த நடிகர் கழுத்தில் படை. "வேப்பிலை போட்டு வைக்கிறேன் தம்பி, கேக்க மாட்டேங்குது" என்றார். மேல்நாட்டு நாடக அரங்குகளில் துவைக்க முடியாத உடைக்கு வோட்கா சாராயத்தைத் தெளித்து வாடையைப் போக்குவார்களாம். நம் ஊரில் அதைத் தெளிக்கும்வரை யார் பொறுத்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

அமெரிக்காவில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். புளோரிடாவில் டிஸ்னி வேர்ல்ட் என்று ஒரு பிரமாண்டமான கேளிக்கைப் பூங்கா. மிக்கி மவுஸ் எலியாக, வாத்தாக, நாயாக உடம்பு முழுவதும் மூடிய பொம்மை உடையில் தொழிலாளர்கள் நின்று குழந்தைகளுக்குக் கை கொடுப்பார்கள். புளோரிடாவும் புழுக்கமான பிரதேசம். மேலே போடும் பொம்மை உடை மட்டுமல்ல, உள்ளே போடும் உள்ளாடையும் கம்பெனியுடையது! மாலையில் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். கம்பெனி வெளுத்து மறுநாள் கொடுக்கும். யாருடையது யாருக்கு வரும் என்று கிடையாது. சரியாக வெளுக்காமல் கறையோடும் நாற்றத்தோடும் வருகிறது, சொறி சிரங்கும் பேனும் ஒட்டுகிறது என்று தொழிலாளர்கள் புகார் செய்தார்கள். யோசித்துப் பாருங்கள். உலகத்துக் குழந்தைகளையெல்லாம் சிரிக்கவைக்கும் அந்த எலியின் உள்ளே, அடுத்தவன் உள்ளாடையை உடுத்திக்கொண்டு சொறிந்துகொள்ளவும் முடியாமல் ஒரு தொழிலாளி நிற்கிறான்!

அவர்களுக்கு டீம்ஸ்டர்ஸ் சங்கம் இருந்தது. குதிரை வண்டி ஓட்டுநர்களின் சங்கமாகத் தொடங்கியது அது. வண்டிக்காரன் சங்கத்தில் எலிக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் சங்கம் கூலியோடு இதையும் மேஜைமேல் வைத்தது. 2001-ம் வருஷம் ஜூன் மாதம் கம்பெனி இணங்கியது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி உள்ளாடை. அவரவரே வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்துக்கொள்ளலாம். பெரிய புரட்சியா என்று கேட்பீர்கள். கழுத்தில் படையோடு இருக்கிற நம் ராஜபார்ட்டைக் கேளுங்கள், சொல்லுவார்.

அந்த எலிக்கு ஒரு முதலாளி இருந்தான், எதிரில் உட்கார்ந்து பேசலாம். நம் ராஜபார்ட்டுக்கு ஒவ்வோர் இரவும் ஒரு முதலாளி. அந்த முதலாளி ஓர் ஊர். அந்த ஊர் நாமே. இதுதான் சங்கடம். நாடக நடிகர் சங்கங்கள் மதுரையிலும் பிற ஊர்களிலும் நெடுங்காலமாக இருக்கின்றன. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு அரசின் நல வாரியமும் இருக்கிறது. ஆனாலும் விடியற்காலையில் கமிட்டி கூலி எண்ணிக் கொடுக்கும்போது, "போன வருஷம் வந்தவர் புதுச் சட்டை போட்டிருந்தாரே, உமக்கு ஏன் பழசு?" என்று சொல்லி நூறு இருநூறு பிடித்ததை நாம் கண்ணால் பார்த்தோம். பிடித்தவர் யார் தெரியுமா? அபராதம் என்று ஆலையில் கூலி பிடித்தால் வாசலில் நின்று கோஷம் போடுகிறவர்! ஊர் பெயரைச் சொல்லமாட்டோம். இங்கே உட்கார்ந்திருக்கலாம்.

அன்றிரவு மயான காண்டத்தில் நீங்கள் அழுதது எந்த உடையைப் பார்த்து? வெல்வெட்டைப் பார்த்தா? அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு கறுப்புக் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு சுடலைக் காவலனாக அவர் வந்தபோதுதானே கூட்டம் விம்மியது? நாடகத்திலேயே மிக மலிவான உடை அது.

சமீபத்தில் 'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகமாக 2022-லும் 2023-லும் வந்தது. ஏகா லகானி என்ற பெண் உடை வடிவமைத்தார். வெல்வெட்டைக் குறைத்து, வேட்டியும் கைத்தறியும் நகையுமாகச் சோழர்களைக் காட்டினார்கள். பார்த்ததும், அருப்புக்கோட்டைத் தறிக்கார வீடுகளில் சிலர் ஆசையோடு கேட்டார்கள்: நம் தறியில் மேடை ராஜாவுக்கு நெய்ய முடியாதா? முடியும் என்றே நாமும் நினைக்கிறோம். இங்கே நூலும் இருக்கிறது, தறியும் இருக்கிறது. ஜரிகைக்குத்தான் சூரத்தைப் பார்க்க வேண்டும். பருத்தி என்றால் துவைக்கலாம், வெயிலில் உலர்த்தலாம், கழுத்தில் படை வராது. நடிகரிடம் கேட்டோம். அவர் சிரித்தார். "நானும் அதத்தான் போட ஆசைப்படுறேன். பருத்திச் சட்டையில ராஜாவா வந்தா ஊர்க்காரங்க அட்வான்ஸத் திருப்பிக் கேப்பாங்க" என்றார். இதற்குப் பதில் நம்மிடம் இல்லை. உங்களிடம்தான் இருக்கிறது.

2020 மார்ச் 24-ம் தேதி இரவு ஊரடங்கு அறிவித்தார்கள். பங்குனி மாதம். சீசன் தொடங்கும் நேரம். பேசி வைத்த நாடகங்கள் எல்லாம் போயின. மறு வருஷமும் சித்திரையில் அதே கதி. நம் ஆலைகள் சில மாதத்தில் திறந்தன. காட்டு வேலை எப்படியோ நடந்தது. மேடை இரண்டு சீசன் இருண்டு கிடந்தது. நாம் மேலே சொன்ன நடிகர் அப்போது இரண்டு சட்டை வைத்திருந்தாராம். ஒன்று இந்தக் கருநீலம், இன்னொன்று அரக்குச் சிவப்பு. சிவப்பு நல்ல நிலையில் இருந்ததால் அதற்குத்தான் விலை கிடைத்தது. மதுரையில் ஒரு வாடகைக் கடையில் கொடுத்துவிட்டு, அரிசி வாங்கிக்கொண்டு வந்தார். பழசை யாரும் கேட்கவில்லை. அது அவரிடம் தங்கியது.

மேடை மறுபடி திறந்த பிறகு ஒரு நாள், பேத்தியின் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் போயிருக்கிறார். மேடையில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் கட்டபொம்மனாக வந்தானாம். மை மீசை, அட்டை வாள். முழங்காலுக்குக் கீழே தொங்கும் அரக்குச் சிவப்புச் சட்டை, இடுப்பில் ஊக்குக் குத்திச் சுருக்கியிருந்தது. இடது தோளில் தாம் ஒட்டிய ஜிகினாப் பூவை அவர் அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்க என்ன செஞ்சீங்க அண்ணே?" என்று கேட்டோம்.

"என்ன செய்ய? கையத் தட்டினேன். பய நல்லாத்தான் வசனம் பேசினான்" என்றார். பிறகு கருநீலச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, முதுகில் கொக்கியைப் போட்டுவிடச் சொன்னார். வெளியே ஆர்மோனியம் தொடங்கிவிட்டது.